ரப்பர் பாலைக் காத்த காரம்



ஸ்ரீ கெம்பாங்கானில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை, மாமாவாகிய எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள். அவளுடைய பாட்டி சின்ன வயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராம். "மழை நாள்ல பால் வாளியில கொஞ்சம் அமோனியா தண்ணி ஊத்துவோம். இல்லாட்டி ஸ்டோருக்குப் போறதுக்குள்ள பால் கட்டிப் போயிடும்" என்று பாட்டி சொன்னாராம். தங்கை கேட்கிறாள்: "மாமா, அமோனியா என்றால் என்ன? அதை ஊற்றினால் பால் ஏன் கட்டாது?"

கெட்டிக்காரி! பாட்டி சொன்னதைக் கதையாகக் கேட்டுவிட்டு விடாமல், "ஏன்?" என்று கேட்டிருக்கிறாள் பாருங்கள். அந்த ஒரு "ஏன்"தான் இந்த மாதம் நமக்குப் பாடம்.

முதலில் ஊரைப் பார்ப்போம். இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் நெடுஞ்சாலை, அடுக்குமாடி வீடுகள், கடைத்தொகுதிகள். 'தி மைன்ஸ்' பேரங்காடிக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் பெரிய ஏரியையும் பார்த்திருப்பீர்கள். அந்த ஏரி ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம். ஹொங் ஃபாட் சுரங்கம் என்று பெயர். உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் அது ஒன்று. ஈயம் ஒரு பக்கம் என்றால் ரப்பர் இன்னொரு பக்கம். பக்கத்துச் செர்டாங் வட்டாரத்தில் பால்மரத் தோட்டங்கள் இருந்தன. அங்கே 1931-இல் ஒரு வேளாண் பள்ளி வந்தது. அதுதான் வளர்ந்து இன்றைக்குப் புத்ரா பல்கலைக்கழகமாக நிற்கிறது. ரப்பரைப் பற்றி மட்டுமே ஆராய 1925-இல் ஓர் ஆய்வுக் கழகத்தையும் அமைத்தார்கள். அதன் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. மலாயாவுக்கு ரப்பர் அவ்வளவு முக்கியம்!

சரி, இப்போது விடியற்காலைத் தோட்டத்துக்குப் போவோம்.

இருட்டு விலகுமுன் பெரட்டு. ஆள் கணக்கு எடுத்ததும் அவரவர் நிரைக்கு, அதாவது தங்களுக்குரிய மர வரிசைக்குப் போக வேண்டும். தலையில் விளக்கு, கையில் பால் வெட்டும் கத்தி. மரத்தின் பட்டையில் ஏற்கெனவே சரிவாக ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டி மெல்லிய சீவல் ஒன்றை எடுப்பார்கள். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் வராது. சீவியதும் வெள்ளைப் பால் கோடு வழியே ஓடி, தகரத் துண்டின் நுனியிலிருந்து மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டும்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் போக வேண்டும்? குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் தண்ணீர் அழுத்தம் அதிகம். அதனால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே தண்ணீர் ஆவியாகும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். பாட்டிமார்கள் நாலு மணிக்கே எழுந்ததற்குப் பின்னால் இந்த அறிவியல் இருக்கிறது!

மரங்களை எல்லாம் வெட்டி முடித்தபின் திரும்ப முதல் மரத்துக்கு வந்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே போவார்கள். காண்டா என்னும் சுமை தடியின் இரண்டு பக்கமும் வாளி. தோளில் சுமந்துகொண்டு, பால் சேகரிக்கும் ஸ்டோருக்கு நடப்பார்கள். அங்கே கணக்கு எழுதும் கிராணி எடை போடுவார்.

இந்த இடத்தில்தான் ஆபத்து. ஸ்டோர் போய்ச் சேருமுன் பால் கட்டிப் போனால்? அதற்குக் கட்டிப்பால் என்று பெயர். கட்டிப்பாலுக்கு விலை குறைவு. மழை நாளில் பட்டையில் ஊறிய தண்ணீர் பாலில் கலந்துவிடும், பால் இன்னும் சீக்கிரம் கட்டும்.

பால் ஏன் கட்டுகிறது? இது தெரிந்தால் அமோனியா என்ன செய்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ரப்பர் பாலை வெறும் கண்ணால் பார்த்தால் வெள்ளைத் தண்ணீர். நுண்ணோக்கியில் பார்த்தால் கோடிக்கணக்கான குட்டிக் குட்டி உருண்டைகள் தண்ணீரில் மிதக்கும். அவைதான் ரப்பர். 100 கிராம் பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 கிராம் ரப்பர் இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர்தான்.

ஒவ்வோர் உருண்டையையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய போர்வை உண்டு. அந்தப் போர்வையில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. எல்லா உருண்டைகளுக்கும் ஒரே மின்னூட்டம். ஒரே மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால் உருண்டைகள் நெருங்கி வந்தாலும் ஒட்டாமல் விலகிப் போகின்றன. பால் பாலாகவே இருக்கிறது.

இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் இன்னொரு முறை படியுங்கள். மாமா காத்திருக்கிறேன்.

இப்போது வில்லன் வருகிறான். காற்றிலும் மங்கிலும் வாளியிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பாலில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அவை அமிலத்தை வெளிவிடும். அமிலத்தில் நேர் மின்னூட்டம் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் இருக்கும். அவை உருண்டைகளின் எதிர் மின்னூட்டத்தை அழித்துவிடும். தள்ளும் சக்தி போய்விட்டது. உருண்டைகள் மோதும், ஒட்டும், கட்டியாகும்.

அம்மா இரவில் பாலில் உறை ஊற்றி வைத்தால் காலையில் தயிராகிறதே, அதுவும் இதே வேலைதான். அங்கேயும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்கிறது, அமிலம் உண்டாகிறது, புரத உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. பசும்பால் தயிரானால் நமக்கு மகிழ்ச்சி. ரப்பர் பால் வாளியிலேயே 'தயிரானால்' கிராணி முகம் சுளிப்பார்!

தோட்டத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டோர் பக்கம் போனாலே ஒரு புளித்த நாற்றம் வரும் என்பார்கள். பாக்டீரியா உண்டாக்கிய அமிலங்களும் அந்த நாற்றத்தில் உண்டு.

அமிலத்தை யார் அடக்குவது? அதற்கு எதிராளி வேண்டும். அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்களே, சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்குவது எது? ஆமாம், காரம்! அமோனியா ஒரு காரம்.

அமோனியாவை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். (மூக்கைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்!)

ஒரு நைட்ரஜன் அணு. அதோடு மூன்று ஹைட்ரஜன் அணுக்கள். இவ்வளவுதான் அமோனியா. நிறமில்லாத வாயு. காற்றைவிட லேசானது. ஆனால் நெடி இருக்கிறதே, அப்பப்பா! காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு சில பங்கு கலந்திருந்தாலே பலருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும். உங்களுக்கும் இந்த நெடி பழக்கம்தான். சரியாகக் கழுவாத பொதுக் கழிப்பறைக்குள் நுழைந்ததும் மூக்கில் குத்துமே, அது அமோனியா. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது வருகிறது. கோழிக் கொட்டகையிலும் அதே நெடி வரும். சிரிக்காதீர்கள், இதுவும் வேதியியல்!

அமோனியாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் ஏறக்குறைய 700 லிட்டர் அமோனியா வாயு கரைந்துவிடும். எழுத்துப் பிழை இல்லை, எழுநூறுதான். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் உங்கள் ஆசிரியர் இதை ஒரு சோதனையாகச் செய்து காட்டலாம். அமோனியா நிரப்பிய கண்ணாடிக் குடுவையைத் தலைகீழாகப் பிடித்து, அதிலிருந்து வரும் குழாயைச் சிவப்பு லிட்மஸ் கலந்த தண்ணீரில் வைப்பார். குடுவைக்குள் சில துளி தண்ணீர் போனதும் உள்ளே இருக்கும் வாயு முழுக்க அந்தத் துளிகளுக்குள் ஓடிக் கரைந்துவிடும். குடுவை காலி. வெளியே உள்ள காற்று, தண்ணீரை உள்ளே தள்ளும். தண்ணீர் குபுக்கென்று நீரூற்றாகப் பீய்ச்சி அடிக்கும். அதுவும் நீல நிறத்தில்! ஏன் நீலம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தண்ணீர் ஆசையால் அமோனியா நெடுங்காலம் விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. வாயுக்களைத் தண்ணீருக்கு மேலே ஜாடியில் பிடிப்பதுதான் அப்போது வழக்கம். அமோனியாவை அப்படிப் பிடிக்கப் போனால் தண்ணீரே அதை விழுங்கிவிடும். இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி 1770-களில் தண்ணீருக்குப் பதிலாகப் பாதரசத்தை வைத்துப் பிடித்துவிட்டார். அதற்குக் 'காரக் காற்று' என்று பெயரும் வைத்தார். எவ்வளவு பொருத்தமான பெயர்!

தண்ணீரில் கரைந்த அமோனியாவில் ஒரு சிறு பகுதி, தண்ணீரிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீரில் மிஞ்சுவது ஹைட்ராக்சைடு அயனி. இந்த ஹைட்ராக்சைடுதான் ஒரு கரைசலைக் காரமாக்குகிறது. வழவழப்பும் லிட்மஸை நீலமாக்கும் குணமும் இதனால் வருபவை. அமிலம் வந்தால் ஹைட்ராக்சைடு அதன் ஹைட்ரஜன் அயனியோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். அமிலத்தின் கதை முடிந்தது.

இப்போது வாளிக்குத் திரும்புவோம். பாலில் அமோனியா தண்ணீர் விழுந்ததும் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, பாக்டீரியாக்களுக்கு அந்தக் காரம் ஒத்துக்கொள்ளாது, போதிய அளவு ஊற்றினால் செத்துவிடும். இரண்டு, உண்டாகிவிட்ட அமிலத்தைக் காரம் அழித்துவிடுவதால் ரப்பர் உருண்டைகளின் எதிர் மின்னூட்டம் அப்படியே இருக்கும். அவை தள்ளிக்கொண்டே இருக்கும். பால் கட்டாது.

பாட்டி சொன்னதன் ரகசியம் இதுதான், தங்கை!

கூர்மையான பிள்ளைகள் இப்போது ஒன்று கேட்பீர்கள். "காரம்தானே வேண்டும்? அமோனியாதான் வேண்டுமா? சோப்புத் தொழிற்சாலையில் பயன்படுத்தும் காஸ்டிக் சோடாவைப் போட்டால் என்ன?"

இந்தக் கேள்விக்கு மாமா ஒரு சபாஷ் போடுகிறேன். காஸ்டிக் சோடா மிகக் கடுமையான காரம். தோலை அரித்துவிடும். போட்டால் பாலிலேயே தங்கிவிடும், வெளியே எடுக்க முடியாது. அமோனியா அப்படியில்லை. அது வாயு. வேலை முடிந்ததும் பாலின் மேல் காற்றை ஊதினால் பெரும்பகுதி பறந்து போய்விடும். வரும்போது காவல்காரனாக வந்து, வேண்டாதபோது தானே கிளம்பிப் போகும் காரம்!

அமோனியா இப்படிப் பறந்து போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மஞ்சள் காரத்தில் பட்டால் சிவப்பாகும். நம் வீட்டுக் கல்யாணத்தில் ஆரத்தி எடுக்கிறார்களே, அந்தச் சிவப்பு நீர் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. சுண்ணாம்பு ஒரு காரம். அந்தச் சிவப்பு காய்ந்தாலும் சட்டென்று போகாது. ஆனால் மஞ்சள் தடவிய ஈரத் தாளை அமோனியா புட்டியின் வாயருகே பிடித்தால் சிவக்கும். காற்றில் கொஞ்ச நேரம் வைத்தால் திரும்ப மஞ்சளாகிவிடும். அமோனியா கிளம்பிவிட்டது என்று அர்த்தம். இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும், நாம் தள்ளி நின்று பார்க்கலாம்.

சரி, எல்லாத் தோட்டத்திலும் பாலைக் கட்டாமல் காத்தார்களா? இல்லை. ரப்பர் தகடு செய்வதென்றால் பால் கட்டத்தான் வேண்டும். அப்போது ஸ்டோரில் பாலைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலத்தைச் சேர்ப்பார்கள். கெரெங்கா எறும்பு கடித்த இடத்தில் சுரீர் என்று எரிகிறதே, அது பீய்ச்சுவதும் ஃபார்மிக் அமிலம்தான். அமிலம் பட்டதும் பால் மெத்தென்று கட்டியாகும். அதை உருளையில் கொடுத்துத் தகடாக நசுக்கி, புகைக்கூடத்தில் காய வைப்பார்கள். அந்தத் தகடுகள் கார் டயர் ஆயின.

ஆக, ஒரே பால். அமிலம் ஊற்றினால் தகடு. காரம் ஊற்றினால் பாலாகவே கப்பலேறும்.

கப்பலேறிய பாலால் என்ன பயன்? டயருக்குத் தகடு போதும். ஆனால் பலூன், கையுறை, நுரை மெத்தை இவற்றுக்குத் திரவப் பால்தான் வசதி. அச்சைப் பாலில் முக்கி எடுத்தால் மெல்லிய தோல் கிடைக்கும். பாலை நுரைக்க அடித்துக் காய வைத்தால் மெத்தை கிடைக்கும். 1929 வாக்கில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டன்லப் கம்பெனி ஆட்கள் ரப்பர் பாலை நுரையாக்கி மெத்தை செய்யக் கற்றார்கள். மலாயாவில் வெட்டிய பால் பல வாரம் கடலில் பயணம் செய்தும் கெடாமல் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அமோனியா. அன்றைக்குப் போர்ட் சுவெட்டன்ஹம் என்று பெயர் இருந்த நம் கிள்ளான் துறைமுகமும் ரப்பர் கப்பலேறிய துறைமுகங்களில் ஒன்று.

பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கும் பாலைக் கப்பலில் ஏற்றினால், தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டுமே! அதனால் பாலைச் சுழல் இயந்திரத்தில் ஊற்றி வேகமாகச் சுழற்றுவார்கள். லேசான ரப்பர் உருண்டைகள் ஒரு பக்கம் சேரும், தண்ணீரில் பெரும்பகுதி மறுபக்கம் போய்விடும். கிடைப்பது 60 விழுக்காடு ரப்பர் உள்ள கெட்டிப் பால். இதில் 100 கிலோவுக்கு ஏறக்குறைய 700 கிராம் அமோனியா சேர்த்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. துணைக்கு வேறு சில பொருள்களைச் சேர்த்து அமோனியாவை 200 கிராமாகக் குறைக்கும் வழியும் பின்னால் வந்தது. தொழிலாளர்களின் கண்ணும் மூக்கும் தப்பித்தன.

மாமாவுக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று சொல்லட்டுமா? அமோனியா போட்ட பாலை உடனே பயன்படுத்த மாட்டார்கள். சில வாரம் வைத்திருப்பார்கள். உருண்டைகளின் போர்வையில் கொழுப்பு இருக்கிறது என்றேன் அல்லவா? அமோனியா அந்தக் கொழுப்பை மெல்ல மெல்ல உடைக்கும். கொழுப்பும் காரமும் சேர்ந்தால் என்ன வரும்? சோப்பு! பாலுக்குள்ளேயே, யாரும் போடாமலே, துளித்துளியாக ஒருவகைச் சோப்பு உண்டாகிறது. அந்தச் சோப்பு உருண்டைகளின் மேல் படிந்து அவற்றை இன்னும் நன்றாகப் பிரித்து வைக்கிறது. வைத்திருக்க வைத்திருக்க, அந்தச் சில வாரங்களில் கட்டிப் போகாமல் நிற்கும் உறுதி பாலுக்குக் கூடுகிறது. கெட்டுப் போகாமல் காக்கப் போட்ட பொருள், தரத்தையும் கூட்டிவிடுகிறது பாருங்கள்.

இன்று கிள்ளான், மேரு பக்கம் போனால் கையுறைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உலகிலேயே மிக அதிகமாக ரப்பர் கையுறை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் நம் மலேசியா முன்னணியில் நிற்கிறது. உள்ளே எப்படி நடக்கிறது தெரியுமா? வெள்ளைப் பீங்கானில் செய்த கைகள், சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும். முதலில் அமிலத்திலும் காரத்திலும் குளித்து அழுக்கைப் போக்கிக்கொள்ளும். பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கும். அடுத்தது ரப்பர் பால் தொட்டி. பீங்கான் மேல் இருக்கும் கால்சியம், பாலை அந்த இடத்திலேயே கட்டச் செய்யும். கையைச் சுற்றி மெல்லிய தோல் படியும். விளிம்பைச் சுருட்டி, வெந்நீரில் அலசி, சூட்டில் பதப்படுத்தி, கடைசியில் கழற்றி எடுப்பார்கள். கழற்றும்போது உள்பக்கம் வெளியே திரும்பிவிடும்.

கவனித்தீர்களா? அந்தத் தொட்டியில் இருக்கும் வரை பால் கட்டக்கூடாது. பீங்கான் கையைத் தொட்டதும் கட்ட வேண்டும். தொட்டியில் காவல் இருப்பது காரம். இப்போதெல்லாம் மரத்துப் பாலுக்குப் பதில் செயற்கைப் பாலில் செய்யும் நைட்ரைல் கையுறைகள்தான் அதிகம். மரத்துப் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம். நைட்ரைல் பாலையும் காரமாகவே வைத்திருப்பார்கள். ஆள் மாறினாலும் காவல் மாறவில்லை.

அமோனியா செய்யும் மற்ற வேலைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா உண்டு. அமோனியாவை அழுத்தினால் திரவமாகும். அழுத்தத்தை விட்டால் கொதித்து வாயுவாகும். அது கொதிக்கும் வெப்பநிலை, சுழியத்துக்குக் கீழே 33 பாகை! கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அந்த உப்புத் தண்ணீரில் நிற்கும் தகர டப்பாக்களில் உள்ள நல்ல தண்ணீர் உறைந்து ஐஸ் பாளமாகும். அமோனியா குழாய்க்குள்ளேயே சுற்றும், ஐஸில் கலக்காது. மீன்பிடிப் படகுக்கும் மீன் கடைக்கும் போகும் ஐஸ் பாளங்கள் பல இப்படிப் பிறந்தவைதான். ஆனால் குழாயில் கசிவு வந்தால் ஆபத்து. ஆட்கள் இறந்தும் இருக்கிறார்கள். அதனால் அங்கே வேலை செய்பவர்களுக்கு முகமூடியும் எச்சரிக்கை மணியும் பயிற்சியும் கட்டாயம் வேண்டும்.

உலகில் செய்யும் அமோனியாவில் பெரும்பங்கு எதற்குத் தெரியுமா? உரத்துக்கு! காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் செடிகளால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மிகுந்த அழுத்தத்தில் சேர்த்து அமோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதைப் பெரிய தொழிற்சாலையாக்கி 1913-இல் ஓட விட்டார். நம் நாட்டில் சரவாக்கின் பிந்துலுவிலும் கெடாவின் குருணிலும் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து அமோனியாவும் யூரியாவும் செய்கிறார்கள். நெல் வயலில் தூவும் வெள்ளைக் குருணை உரம் அந்த யூரியாதான். நீங்கள் மத்தியானம் சாப்பிட்ட சோற்றிலும் அந்த நைட்ரஜன் இருக்கலாம்.

இவ்வளவு நல்லது செய்யும் அமோனியா, இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால் தொல்லைதான். உங்கள் வீட்டில் திடீரென்று தண்ணீர் நின்று, அம்மா வாளி வாளியாகப் பிடித்து வைத்தது நினைவிருக்கிறதா? சில சமயம் அதற்குக் காரணமே அமோனியா. 2014-இன் தொடக்கத்தில் சுங்கை லங்காட் ஆற்றில் அமோனியா அளவு ஏறிப்போனதால், செராஸ் பத்து 11, புக்கிட் தம்போய் நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. வீடு வீடாகத் தண்ணீர்ப் பங்கீடு. கழிவுநீர், குப்பைமேட்டிலிருந்து கசியும் ஊறல், பண்ணைக் கழிவு, இவையெல்லாம் ஆற்றில் கலந்தால் அமோனியா சேரும்.

சுத்திகரிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கிருமிகளைக் கொல்லத் தண்ணீரில் குளோரின் போடுவார்கள். அமோனியா அந்தக் குளோரினைப் பிடித்து வேறு பொருளாக மாற்றிவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. அதனால் ஆற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அமோனியா ஏறக்கூடாது என்று நம் நாட்டில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராம் என்பது சில சர்க்கரைப் பரல்களின் எடை. அவ்வளவு சிறியது ஒரு பட்டணத்துக் குழாயையே நிறுத்திவிடும். ஆற்றில் கழிவைக் கொட்டுகிறவர்கள் மேல் மாமாவுக்குக் கோபம் வருவது நியாயம்தானே?

இனி, நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. இதற்கு அமோனியா வேண்டாம். நம் தேசிய மலர் செம்பருத்தி போதும். சிவப்புப் பூக்கள் நாலைந்தைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். பெரியவர்களைச் சூடான தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஆறியதும் வடிகட்டினால் ஊதா கலந்த சாறு கிடைக்கும். மூன்று சின்னக் கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு சில துளி. இன்னொன்றில் பேக்கிங் சோடா ஒரு சிட்டிகை. மூன்றாவதை அப்படியே விடுங்கள். எலுமிச்சை போட்டது பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். சோடா போட்டது பச்சைப் பக்கம் திரும்பும். பிறகு சோப்பு நீர், சாம்பல் கரைத்த நீர், அசாம் புளித் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, எது அமிலம், எது காரம் என்று ஓர் அட்டவணை போடுங்கள். போடுமுன் என்ன நிறம் வரும் என்று ஊகித்து எழுதி வையுங்கள். அதுதான் விஞ்ஞானியின் பழக்கம்.

கடைசியாக ஒன்று. இதை அப்பா அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம், தரை கழுவும் மருந்து சிலவற்றில் அமோனியா இருக்கும். துணி வெளுக்கும் ப்ளீச்சில் குளோரின் சேர்மம் இருக்கும். இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சு வாயு கிளம்பும். இன்றைக்கே உங்கள் வீட்டுச் சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கும் புட்டிகளின் பின்பக்கச் சீட்டைப் பெரியவர்களோடு சேர்ந்து படியுங்கள். அமோனியா உள்ளதும் ப்ளீச் உள்ளதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வேறு வேறு அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். ஒருபோதும் கலக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.